கண்டிக்கும் உரிமை



2025ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனையும் வீடு சந்திப்புகளும் முடிந்து செம்பூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு நான் திரும்பியபோது, சபையின் வாலிபர்கள் ஏழெட்டுப் பேர் கூடத்தில் தரையில் அமர்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால் செம்பூரிலிருந்து வாஷி கழிமுகத்தைக் கடந்து சென்றடையக்கூடிய நெரூலில், டி.ஒய். பாட்டில் மைதானத்தில், பெண்கள் உலகக்கோப்பை கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மழையினால் தாமதமாய்த் தொடங்கிய அந்த ஆட்டம் நள்ளிரவை ஒட்டி முடிந்தது. தென் ஆப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று, இந்தியப் பெண்கள் முதன்முறையாக உலகக்கோப்பையைப் பெற்றார்கள்.

வாலிபர்கள் ஆர்ப்பரித்தார்கள். என் கண்களோ வேறொரு காட்சியில் நின்றுவிட்டன. அணியின் தலைவி ஹர்மன்பிரீத் கவுர், தங்கள் பயிற்சியாளர் அமோல் முஜும்தாரிடம் சென்று, குனிந்து அவருடைய பாதங்களைத் தொட்டார். பின்பு அவரைக் கட்டிக்கொண்டார்.

அந்தப் பயிற்சியாளர் இந்திய அணிக்காக ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடினவர் அல்ல. அவர் வழிநடத்திய பெண்களில் பலரோ நூற்றுக்கும் அதிகமான சர்வதேச ஆட்டங்களைக் கண்டவர்கள். அப்படியிருக்க, அவருக்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? அன்றிரவு படுக்கைக்குச் சென்ற பின்பும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஊழியக்காரனுக்குக் கிரிக்கெட் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். பந்தய ஓட்டத்தையும் மல்யுத்தத்தையும் காட்டிப் பவுல் அப்போஸ்தலன் சபைகளுக்குப் பாடம் சொல்லவில்லையா? ஆனால் நான் இதை எழுதுவதற்கு உண்மையான காரணம் அதுவல்ல. மரியாதை பதவியோடு சேர்ந்தே வருகிறது என்று நம்பி, அதனால் ஒரு வாலிபனை இழந்தவன் நான்.

1998ஆம் ஆண்டு தாராவிக்கு ஊழியத்திற்கு வந்தேன். அப்போது எனக்கு வயது 27. வேதாகமக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றிருந்தேன். பிரசங்கக் குறிப்புகள் நிறைந்த மூன்று நோட்டுப் புத்தகங்கள் கையில் இருந்தன. தொண்ணூறு அடி சாலைக்கு அருகே ஒரு வாடகை அறையில் ஏறக்குறைய நாற்பது பேர் கூடுவோம். பெரியவர்களில் அநேகர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளோ மும்பையில் பிறந்து, பாதி தமிழும் பாதி இந்தியுமாய்ப் பேசி வளர்ந்தவர்கள். பாஸ்டர் என்ற பெயருக்கே எல்லாரும் எழுந்து நின்றார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆராதனையில் டோலக் வாசிக்கும் வாலிபன் ஒருவன் இருந்தான். ஒரு ஞாயிறு நான் பிரசங்கித்துக்கொண்டிருக்கையில் அவன் தலை சாய்ந்து உறங்கிவிட்டான். நான் பிரசங்கத்தை நிறுத்தி, அவன் பெயரைச் சொல்லி, தேவனுடைய சமுகத்தில் உறங்குகிறவனுக்கு வாத்தியம் எதற்கு என்று சபை முழுவதும் கேட்கக் கடிந்துகொண்டேன். எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. டோலக்கை எடுத்துச் சுவரோரமாய்ச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான்.

செவ்வாய்க்கிழமை அவனுடைய தாயார் வந்தார். "ஐயா, அவன் தோல் பை தைக்கிற பட்டறையில் சனிக்கிழமை ராத்திரி முழுக்க வேலை பார்த்தான். நான் வாசிக்கலேன்னா பாட்டுக்கு ஆளில்லைம்மான்னு சொல்லி, தூங்காமலே அப்படியே ஆராதனைக்கு வந்தான்" என்றார். அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னார்.

நான் பட்டறைக்குச் சென்றேன். அவன் எழுந்து, "வாங்க ஐயா" என்று சொல்லி, ஒரு கட்டிங் சாயா வரவழைத்துக் கொடுத்தான். நான் வருத்தம் தெரிவித்தேன். அவன் தலையசைத்தான். ஆனாலும் சபைக்குத் திரும்பி வரவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் குடும்பம் வேறு பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

தாராவி வீடுகளை அறிந்த உங்களுக்கு அந்த இரும்பு ஏணிகளும் தெரியும். கீழே ஒரு குடும்பம், செங்குத்தான ஏணியின் மேலே இன்னொரு குடும்பம். அந்த வாலிபனின் குடும்பம் மேலே குடியிருந்தது. நான் அந்தச் சபைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவர்கள் வீட்டு ஏணியில் ஒருமுறையும் நான் ஏறியதில்லை.

இப்போது முஜும்தாரிடம் திரும்புவோம். தாராவியிலிருந்து மாட்டுங்கா வழியாகத் தாதரை நோக்கி நடந்தால் சிவாஜி பார்க் மைதானம் வந்துவிடும். அங்கே ரமாகாந்த் அச்ரேக்கர் என்றொரு குரு பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். அவரும் பெரிய ஆட்டக்காரர் அல்ல. முதல்தரப் போட்டி ஒன்றே ஒன்றுதான் ஆடியிருக்கிறார். ஆயினும் சச்சின் டெண்டுல்கர் அவருடைய கரத்தில் உருவானவர். முஜும்தாரும் அவருடைய மாணவரே.

1988ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டியில், சாரதாஷ்ரம் வித்யாமந்திர் பள்ளிக்காகச் சச்சினும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ஓட்டங்கள் சேர்த்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடுத்து ஆட வேண்டியவனாய்க் கால்காப்பு கட்டிக்கொண்டு காத்திருந்த 13 வயதுச் சிறுவன் யார் என்று அறிவீர்களா? அவர்தான் அமோல் முஜும்தார். அவருடைய முறை வரவேயில்லை.

பின்னாளிலும் அப்படியே ஆயிற்று. ரஞ்சிக் கோப்பையில் தம்முடைய முதல் ஆட்டத்திலேயே 260 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 11,167 ஓட்டங்கள் குவித்தார். ஆனால் அவருடைய தலைமுறையில் சச்சின், திராவிட், கங்குலி, லக்ஷ்மண் ஆகியோர் இருந்தார்கள். இந்திய அணியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 2014இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அவருடைய வாழ்வில் இன்னொரு பகுதியையும் கவனியுங்கள். 2006-07 ரஞ்சிப் பருவத்தில் மும்பை அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அப்போது தலைவராக இருந்தவர் முஜும்தார். அதே அணி எழுந்து, 2007 பிப்ரவரியில் வான்கடே மைதானத்தில் வங்காளத்தை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. தொடர்ந்து மூன்று தோல்விகள் என்றால் என்ன என்பதை அவர் அனுபவத்தில் கற்றிருந்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்ரேக்கரின் முறை கண்டிப்பானது. சிறுவன் சச்சின் ஒருநாள் தன் பயிற்சி ஆட்டத்திற்குப் போகாமல், வான்கடேயில் மூத்த மாணவர்களின் ஆட்டத்தைக் கைதட்டி ரசித்துக்கொண்டிருந்தபோது, அவர் கன்னத்தில் அறைந்தாராம். பிறருக்காக நீ கைதட்டாதே, பிறர் உனக்காகக் கைதட்டும்படி ஆடு என்ற பொருளில் புத்தி சொன்னாராம். இதைச் சச்சினே பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். 2013 நவம்பர் 16ஆம் தேதி வான்கடேயில் விடைபெறும்போதும், நன்றாக ஆடினாய் என்று 29 ஆண்டுகளில் தம் குரு ஒருமுறையும் சொன்னதில்லை என்று நினைவுகூர்ந்தார்.

அந்த அறையை அந்தப் பிள்ளை ஏன் ஏற்றுக்கொண்டான்? அதே குரு அவனைத் தம்முடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒரே நாளில் ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்திற்கு அழைத்துச் செல்வார். அடித்த கை எது, சுமந்த கை எது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றாயிருந்தபடியால் அவன் பொறுத்துக்கொண்டான்.

அச்ரேக்கரிடம் கற்ற இன்னொருவர் சந்திரகாந்த் பண்டிட். இவரும் கண்டிப்புக்குப் பேர்போன பயிற்சியாளர். மும்பைக்கு மூன்று, விதர்பாவுக்கு இரண்டு, மத்தியப் பிரதேசத்திற்கு ஒன்று என ஆறு ரஞ்சிக் கோப்பைகளைப் பெற்றுத் தந்தவர். 1999இல் மத்தியப் பிரதேச அணியின் தலைவராகப் பெங்களூரில் இறுதி ஆட்டத்தில் தோற்றவர், 2022 ஜூனில் அதே பெங்களூர் மைதானத்தில் அதே மாநிலத்தின் பயிற்சியாளராக வென்று கண்ணீர் சிந்தினார். அன்று எதிரே தோற்ற மும்பை அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? நம்முடைய முஜும்தார்தான்.

ஆனால் பண்டிட் ஐ.பி.எல்.-இல் கொல்கத்தா அணிக்குச் சென்றபோது நடந்ததையும் பாருங்கள். உலகமெங்கும் ஆடிப் பழகிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கடினமாயிருந்ததென்று, 2023இல் அந்த அணியிலிருந்த டேவிட் வீஸா பின்னர் வெளிப்படையாகவே கூறினார். 2024இல் அந்த அணி கோப்பையையும் வென்றது. எனவே அந்த முறை பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஓரிடத்தில் சம்பாதித்த மரியாதையைப் பெட்டியில் வைத்து இன்னொரு இடத்திற்குக் கொண்டுபோக முடியாது என்பதையே சொல்லுகிறேன். அந்தந்த இடத்தில் அதைப் புதிதாய்ச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

2023 அக்டோபரில் பெண்கள் அணியின் பொறுப்பு முஜும்தாரிடம் வந்தது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்த அணி பல பயிற்சியாளர்களைக் கண்டிருந்தது. நம் தமிழ்நாட்டு டபிள்யூ.வி. ராமனும் அவர்களில் ஒருவர். அவர் காலத்தில் அணி 2020இல் மெல்போர்னில் இருபது ஓவர் உலகக்கோப்பை இறுதி ஆட்டம் வரை சென்றது. இன்னொரு பயிற்சியாளருக்கும் மூத்த ஆட்டக்காரர் ஒருவருக்கும் 2018இல் ஏற்பட்ட மனக்கசப்போ கடிதங்களாய்ப் பத்திரிகைகளில் வெளிவந்தது. ஆகவே புதிதாய் வருகிறவரை நம்புவதற்கு அந்தப் பெண்களுக்கு அவசரம் ஒன்றும் இருந்திருக்காது.

அவர் வந்த சில வாரங்களிலேயே, 2023 டிசம்பரில், இங்கிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் டெஸ்ட் ஆட்டங்களில் அவர்கள் வென்றார்கள். ஆனால் 2024 அக்டோபரில் இருபது ஓவர் உலகக்கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். வெற்றியிலும் அவர் உடனிருந்தார், அவமானத்திலும் உடனிருந்தார்.

பின்பு 2025 உலகக்கோப்பை வந்தது. அக்டோபர் மாதத்தில் தென் ஆப்பிரிக்காவிடமும், ஆஸ்திரேலியாவிடமும், 19ஆம் தேதி இந்தூரில் இங்கிலாந்திடமும் வரிசையாகத் தோல்வி. இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் கைக்கெட்டிய வெற்றியை நான்கு ஓட்டங்களில் தவறவிட்டார்கள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட அதே மூன்று தோல்விகள்!

அன்றிரவு ஓய்வறையில் முஜும்தார் கடுமையாகவே பேசினார். அரையிறுதிக்குப் பின் ஹர்மன்பிரீத் அதைப் பற்றிக் கூறியபோது, அவர் எப்போதும் உள்ளத்திலிருந்து பேசுகிறவர் என்றும், அவர்மேல் எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தபடியால் அந்த வார்த்தைகளை எல்லாரும் நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அந்தக் கடிந்துகொள்ளுதல் சில நிமிடங்கள்தான் நீடித்திருக்கும். ஆனால் அது ஏற்றுக்கொள்ளப்படுவதற்கு அதற்கு முன்னே இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன. நானோ ஐந்தே மாதங்களில், ஒரு ஏணியும் ஏறாமல், அதே உரிமையை எடுத்துக்கொண்டேன். எனக்கு இருந்தது பதவி; அவருக்கு இருந்தது உரிமை.

ஜெமிமா ரோட்ரிக்ஸின் காரியத்தையும் சொல்லவேண்டும். மும்பையில் வளர்ந்த இந்த மகள் அந்தப் போட்டியில் இரண்டுமுறை ஓட்டமின்றி ஆட்டமிழந்திருந்தார். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அணிக்கு இன்னுமொரு பந்துவீச்சாளர் தேவைப்பட்டபோது அவரை வெளியே அமர்த்தினார்கள். அந்த ஆட்டத்திலும் தோல்வியே வந்தது. அடுத்த ஆட்டத்தில் நியூசிலாந்துக்கு எதிராக அவரைத் திரும்ப அழைத்ததோடு, மூன்றாம் இடத்தில் ஆடவும் அனுப்பினார்கள். ஆட்டமிழக்காமல் 76 ஓட்டங்கள் எடுத்தார். எடுத்த முடிவைக் காக்க வேண்டுமென்று வீம்பு பிடிக்காமல், நான்கு நாட்களுக்குள் அதை மாற்றிக்கொண்ட தலைமையை இங்கே காண்கிறோம்.

அக்டோபர் 30ஆம் தேதி அரையிறுதி. ஆஸ்திரேலியா 338 ஓட்டங்கள் எடுத்திருந்தது. அன்று ஓய்வறைப் பலகையில் முஜும்தார் எழுதியது நீண்ட உபதேசம் அல்ல. இறுதி ஆட்டத்திற்குப் போக அவர்களைவிட ஒரே ஒரு ஓட்டம் அதிகமாக வேண்டும், அவ்வளவுதான் என்று எழுதினார். இந்தூரில் கடுமையாய்ப் பேசினவர், இங்கே பாரத்தை இறக்கி வைத்தார். எந்த இரவில் எந்த வார்த்தை என்று அறிந்திருந்தார். மூன்றாவதாக ஆடவேண்டுமென்று களமிறங்குவதற்கு ஐந்து நிமிடங்களுக்கு முன்னரே தெரியவந்ததாக ஜெமிமா சொன்னார். அவர் ஆட்டமிழக்காமல் 127 ஓட்டங்கள் எடுத்தார், அணி வென்றது. முதலாவதாக இயேசுவுக்கு நன்றி செலுத்தி, அநேக நாட்கள் அழுததையும், செங்கடலின் முன்பாக மோசே ஜனங்களுக்குச் சொன்ன வாக்கைப் பற்றிக்கொண்டு நின்றதையும் அவர் உலகமறியச் சாட்சியாகக் கூறியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

என் கதையின் மறுபாதியையும் சொல்லி முடிக்கிறேன். பின்னாளில் தேவன் என்னைச் செம்பூருக்குக் கொண்டுவந்தார். இங்குள்ள வாலிபர்கள் தையல் பட்டறைப் பிள்ளைகள் அல்ல. கணினி வேலை, மருத்துவமனை வேலை, வீடு வீடாய்ப் பொருள் கொண்டு சேர்க்கும் வேலை என்று இரவும் பகலும் மாறி மாறி உழைக்கிறவர்கள். வாலிபர் கூட்டத்தின் நேரத்தை நான் குறிக்காமல் அவர்களையே குறிக்கச் செய்தேன். முதல் ஆண்டில் பெரும்பாலும் கேட்டேன், வீடுகளுக்குப் போனேன். மூத்த சகோதரர் ஒருவர், "பாஸ்டர் பிள்ளைகளுக்கு ரொம்ப இடம் கொடுக்கிறார்" என்று குறைபட்டதும் உண்டு.

அவர்களில் ஒருவன், ஆன்லைன் சூதாட்டத்தில் விழுந்து, சகோதரியின் திருமணத்திற்கென்று சேர்த்த பணத்தைத் தொலைத்துவிட்டான். என்னிடம் வந்து பாதியைச் சொல்லி, பாதியை மறைத்தான். அன்று நான் அவனிடம் பேசியது, 1998இல் டோலக் வாசித்தவனிடம் பேசியதைவிட மிகவும் கடுமையானது. அடுத்த வாரம் வரமாட்டான் என்றே நினைத்தேன். வந்தான். முழுவதையும் தன் தகப்பனாரிடம் அறிக்கையிட்டுவிட்டு வந்தான்.

பல மாதங்களுக்குப் பின், அன்று உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "வந்துச்சு ஐயா. ஆனா அப்பா சயான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, ஒன்பது ராத்திரி வராண்டாவுல எங்கூட உட்கார்ந்திருந்தது நீங்கதானே" என்றான். அந்த இரவுகளில் நான் அவனுக்கு ஒரு புத்தியும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சாயா வாங்கி வந்தேன், கொசு விரட்டினேன், ஜெபித்தேன். அதுதான் நான் ஏறிய ஏணி என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மும்பைக்கு வந்து குடியேறின தகப்பன்மாரே, இது உங்களுக்கும் உரியது. ஊரில் அப்பா என்ற பெயருக்குப் பின்னால் தாத்தா இருந்தார், தெரு இருந்தது, கோயிற்பிள்ளை இருந்தார். ஒரு பார்வையே போதுமாயிருந்தது. இங்கே பத்துக்குப் பத்து அறையில், நீங்கள் காலையில் போய் இரவில் வருகிறீர்கள். பிள்ளைகள் உங்களுக்குத் தெரியாத பாஷையில் சிரிக்கிறார்கள். பிள்ளைகள் மதிக்கவில்லை என்று என்னிடம் வருகிற தகப்பன்மாரை நான் ஒன்று கேட்பதுண்டு: கடைசியாக உங்கள் பிள்ளையைக் கண்டித்தது எப்போது? அதற்கு முன், எந்தக் காரியமும் இல்லாமல் அவனோடு உட்கார்ந்திருந்தது எப்போது? முதல் கேள்விக்கு உடனே பதில் வருகிறது. இரண்டாவதற்கு அநேகர் மேலே பார்க்கிறார்கள்.

ரெகொபெயாம் ராஜாவை நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பனுடைய சிங்காசனம் அவனுக்கு இருந்தது. ஜனங்களின் பாரத்தைக் கேட்டு இரங்கும்படி முதியோர் சொன்ன ஆலோசனையைத் தள்ளி, அவர்களிடம் கடினமாய்ப் பேசினான். பத்துக் கோத்திரங்கள் தங்கள் கூடாரங்களுக்குப் போய்விட்டன. சிங்காசனம் இருந்தது, கேட்கிறவர்கள் இல்லை.

கண்டிக்கவே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. இந்தூரில் அந்தப் பயிற்சியாளர் மௌனமாயிருந்திருந்தால், நவம்பர் 2 வந்திருக்குமோ என்னவோ. கண்டிக்கவேண்டிய இரவு ஒவ்வொரு வீட்டிலும் வரும். அந்த இரவு வருவதற்கு முன்னரே அதற்குரிய உரிமையைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றே வேண்டிக்கொள்கிறேன்.

டோலக் வாசித்த அந்தச் சகோதரனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும். வேறொரு சபையில் ஆராதனையில் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு, தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினேன். அங்கே அவருடைய வீட்டு வாசற்படியை முதலில் மிதித்துவிட்டு, அதன் பின்பு அவரிடம் பேசத் தொடங்கிய ஒரு மேய்ப்பர் இருந்திருக்க வேண்டும்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகள் வேலையிலிருந்தோ கல்லூரியிலிருந்தோ திரும்பும்போது, ஏன் தாமதம் என்று கேட்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.